“லிஸ்ட் போடு” என்கிறார் முதலாளி. எனக்குத் தூக்கம் போய்விட்டது

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். வயது 43. இருபத்தோராம் வயதில் இதே கம்பெனியில் டெய்லருக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவன். எங்களிடம் 340 பேர் வேலை செய்கிறார்கள். எங்கள் துணியில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போகும். 2025 ஆகஸ்டில் அங்கே இறக்குமதி வரி ஏறியதிலிருந்து, எங்களிடம் வாங்கும் இரண்டு பையர்கள் ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான்கு தையல் லைனில் ஒன்று ஓடவில்லை. அலுவலக ஊழியர்களுக்குச் சம்பளத்தில் 20 சதவீதம் பிடித்தம். தீபாவளி முடிந்ததும் முதலாளி கூப்பிட்டு, “70 பேரைக் குறைக்க வேண்டும், பெயர்களை நீயே எழுதிக் கொடு. அதுவரை வெளியே மூச்சு விடாதே” என்றார். சம்பளம் அதிகம் வாங்கும் பழைய ஆட்களை முதலில் எழுதச் சொல்கிறார். அதில் செக்கிங்கில் இருக்கும் ஓர் அக்காவும் வருகிறார். நான் வந்து சேர்ந்த புதிதில் தன் டிபன் பாக்ஸில் பாதியை எனக்குக் கொடுத்தவர் அவர்.

மூன்று வாரமாக விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது. மகள் ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறேன். சம்பளம் குறைந்ததை மனைவியிடம் சொல்லவில்லை. ஏலச்சீட்டை நஷ்டத்துக்குத் தள்ளி எடுத்து ஈடுகட்டுகிறேன். 70 பேரை அனுப்பிய பிறகு 71ஆவது பெயர் என்னுடையதாக இருக்குமோ என்றும் தோன்றுகிறது. சில இரவுகளில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போகாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். நான் இல்லாமல் போனால் வீட்டுக் கடன் கணக்காவது தீரும் என்று நினைப்பு ஓடுகிறது. எனக்கு மாத்திரை தேவையா? தொழிலாளர்களிடம் உண்மையைச் சொல்லலாமா? இதை எப்படித் தாங்குவது?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உங்களைவிட இருபது வயது மூத்தவன் என்பதால் தம்பி என்கிறேன். நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு முன்னால், நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரிக்கு வருகிறேன். “நான் இல்லாமல் போனால் கடன் கணக்காவது தீரும்.” நேராகவே கேட்கிறேன்: உயிரை விட்டுவிடலாம் என்று யோசிக்கிறீர்களா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி வருவதில்லை. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. ‘ஆம்’ என்றால், அல்லது ‘சில நேரம்’ என்றாலும்கூட, இந்தப் பதிலின் மிச்சத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இப்போதே மனைவியிடமோ, நீங்கள் நம்பும் ஒருவரிடமோ அந்த வரியை அப்படியே சொல்லுங்கள். 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நாளையே ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். கணக்கு பார்ப்பதே தொழிலாகக் கொண்டவர் நீங்கள்; இந்தக் கணக்கை மட்டும் மூன்று மணி விழிப்பில் போடுகிறீர்கள். அந்த நேரத்து மூளை எந்தக் கூட்டலையும் சரியாகப் போடாது.

இனி மற்றவை.

உங்களைத் தின்பது 70 பேரின் பட்டியல் மட்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்ன நடக்கும் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் உங்கள் உடம்பை அதிகம் தின்கிறது.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2016இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 45 பேரைக் கணினி முன் உட்கார வைத்து, திரையில் கற்களைக் காட்டி, எந்தக் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறது என்று ஊகிக்கச் சொன்னார்கள். பாம்பு வந்தால் கையில் வலிக்கும்படி மின்சாரம் பாயும். அவர்களின் வியர்வையையும் கண் பாவையின் விரிவையும் அளந்தார்கள். ஷாக் அடிக்கப்போவது நிச்சயம் என்று தெரிந்தபோது பதற்றம் உச்சத்தில் இல்லை. அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம் என்று சரிபாதி வாய்ப்பு இருந்தபோதுதான் உச்சம் தொட்டது. அதாவது 50 சதவீதத்தில். 2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி முதல் உங்கள் ஊரைப் படுத்திய அமெரிக்க வரியும் அதே எண்ணாக இருந்தது தற்செயல்தான். ஆனாலும் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாம்புதான் நினைவுக்கு வருகிறது.

இதை நான் ஆய்வில் படிப்பதற்கு முன்பே உங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். 2011 ஜனவரி இறுதியில், நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அப்போது நான் வாரம் இரண்டு நாள் திருப்பூரில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர்களில் ஒருவர்கூட ‘எனக்கு மனஅழுத்தம்’ என்று சொல்லவில்லை. வயிற்றெரிச்சல், தலைபாரம், கை மரத்துப்போகிறது, கேஸ் ட்ரபிள் என்றுதான் வந்தார்கள். மூடியதும் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனவர்கள், வேறு வேலைக்குத் தாவியவர்கள் கஷ்டப்பட்டார்கள், ஆனால் தூங்கினார்கள். என்னிடம் திரும்பத் திரும்ப வந்தவர் வேறொரு ரகம். அவருடைய பட்டறை முதலாளி ஒவ்வொரு வாரமும் “அடுத்த திங்கட்கிழமை திறந்துவிடும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இவரும் ஒவ்வொரு திங்களும் குளித்துச் சாப்பாடு கட்டிக்கொண்டு போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வருவார். நான்கு மாதத்தில் ஏழு கிலோ இளைத்தார். கடைசியில் “இனி திறக்க மாட்டோம்” என்று முதலாளி சொன்ன வாரத்தில்தான் அவர் முதல் தடவையாக முழு இரவு தூங்கினார். அந்தச் செய்தி கெட்ட செய்தி. ஆனாலும் அது ஒரு செய்தி.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தொழிலாளர்களிடம் சொல்லலாமா? முதலாளிக்குத் தெரியாமல் நீங்களாகப் போய்ச் சொல்லாதீர்கள். அது பாதி உண்மையாகத்தான் போய்ச் சேரும். உங்கள் வேலையும் போகும். ஆனால் ‘வெளியே மூச்சு விடாதே’ என்கிறாரே உங்கள் முதலாளி, அதில் ஒரு தப்புக்கணக்கு இருக்கிறது. அவர்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். நிட்டிங்கிலிருந்து துணி வராமல் கட்டிங் டேபிள் காலியாகக் கிடப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியாதா? ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடம் ஒரு ஷிப்ட்டோடு முடிவது சனிக்கிழமை சம்பளக் கவரில் தெரியாதா? எதிரே இருக்கும் பேக்கரியில் டீ குடிக்கும்போது உங்கள் கம்பெனியைப் பற்றி இந்நேரம் 70 அல்ல, 150 என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் காக்கும் ரகசியத்தால் 340 பேரும் மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஒடிசா, பீகார் பிள்ளைகள் திரும்பி வராமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தானாகத் தீர்ந்தது என்று சில முதலாளிகள் கணக்குப் போடுவதும் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் அங்கே ரயில் டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நீங்கள் முதலாளியிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்: ஒரு தேதி. ‘எல்லோருக்கும் வேலை உண்டு’ என்ற உறுதிமொழியை அவராலும் கொடுக்க முடியாது, அதைக் கேட்காதீர்கள். “டிசம்பர் 15க்குள் என்ன முடிவு என்று சொல்லிவிடுவோம். அதுவரை யாரையும் வேலையிலிருந்து நீக்க மாட்டோம்” என்று அவர் வாயால் லைனில் நின்று சொல்லச் சொல்லுங்கள். கையில் இருக்கும் ஆர்டர் எத்தனை வாரத்துக்கு வரும் என்பதையும் சொல்லட்டும். முதலாளிகள் இதற்குத் தயங்குவார்கள். நல்ல டெய்லர்கள் உடனே வேறு கம்பெனிக்கு ஓடிவிடுவார்கள் என்ற பயம். ஓடுகிறவர்கள் வதந்தியைக் கேட்டும் ஓடத்தான் போகிறார்கள். அதிலும் முதலில் ஓடுவது வேறு இடத்தில் உடனே வேலை கிடைக்கும் கெட்டிக்காரர்கள்தான். இதை அவரிடம் அவருடைய பாஷையில், லாப நஷ்டக் கணக்காகவே சொல்லுங்கள். மனிதாபிமானம் என்று ஆரம்பித்தால் அவருக்குக் கோபம் வரும். அவரும் தூங்காமல்தான் இருப்பார்.

இன்னொரு கணக்கும் அவருக்குச் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் பின்லாந்து கடும் மந்தத்தில் விழுந்தது. வங்கிகள் ஆட்டம் கண்டன. பக்கத்திலிருந்த சோவியத் ஒன்றியம் உடைந்ததில் அவர்களுடைய பெரிய ஏற்றுமதிச் சந்தை ஒன்று கதவைச் சாத்தியது. திருப்பூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரசின் வருமானம் சுருங்கியதும் நகராட்சிகள் ஆட்களைக் குறைத்தன. பத்து ஊர்களில் 22,430 ஊழியர்களை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். நீக்கப்பட்டவர்களை அல்ல, வேலையில் தங்கியவர்களை. 18 சதவீதத்துக்கு மேல் ஆட்களைக் குறைத்த இடங்களில் தங்கியவர்களிடையே இதய நோய், பக்கவாதம் போன்றவற்றால் ஏற்பட்ட மரண விகிதம், பெரிதாகக் குறைக்காத இடங்களைப் போல் இரண்டு மடங்காக இருந்தது. உங்கள் 340இல் 70 என்பது 20 சதவீதத்துக்கு மேல். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இரண்டு மடங்கு என்றாலும், அந்த வயதினரில் அப்படி இறப்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் ‘70 பேர் போனால் மிச்சப் பேர் நிம்மதியாக வேலை பார்ப்பார்கள்’ என்ற நினைப்பு தவறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆட்குறைப்புக்குப் பின் தங்கியவர்களின் உடல்நலம் ஏன் கெடுகிறது என்று அங்கே தேடியபோது மூன்று விஷயங்கள் முன்னால் வந்தன: தங்கியவர்கள் மேல் வேலைச் சுமை ஏறியது, தங்கள் வேலையில் தங்கள் பேச்சுக்கு இடம் குறைந்தது, அடுத்தது யார் என்ற பயம் போகவில்லை. உங்கள் 71ஆவது பெயர்ப் பயம் பின்லாந்திலும் இருந்திருக்கிறது.

பட்டியலுக்கு வேறு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. அதை ஊரே அறியும். 2009இல் ஜெர்மனியின் பொருளாதாரம் 5 சதவீதத்துக்கு மேல் சரிந்தபோது, அங்கே ஆட்களை அனுப்புவதற்குப் பதிலாக வேலை நேரத்தைக் குறைத்தார்கள். உச்சத்தில் சுமார் 15 லட்சம் பேர் அப்படிக் குறை நேரம் வேலை செய்தார்கள். இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு கொடுத்தது. வேலையின்மை பெரிதாக ஏறவில்லை. இங்கே அரசு கொடுக்காது என்பதுதான் வித்தியாசம். ஒன்றரை ஷிப்ட்டை ஒரு ஷிப்ட்டாக்கினால் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போகும். பீஸ் ரேட்டில் தைக்கும் ஒரு குடும்பத்துக்கு அது சின்ன வெட்டு அல்ல. அதனால் இதை நீங்களும் முதலாளியும் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்யாமல், ஒவ்வொரு லைனிலும் இரண்டு பேரைக் கூப்பிட்டு அவர்களிடமே கேளுங்கள். ‘எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வோமா, 70 பேர் போகட்டுமா?’ அவர்கள் சொல்லும் பதில் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம், கசப்பாகவும் இருக்கலாம். எப்படியானாலும் அந்தப் பதிலின் பாரம் உங்கள் ஒருவர் தலையில் மட்டும் இருக்காது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மருத்துவன், வக்கீல் அல்லன். ஆனாலும் இவ்வளவு தெரியும்: 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு செய்ய அரசின் முன் அனுமதி வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். பொதுவாக ஒவ்வொரு பிரிவிலும் கடைசியில் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். மாற்றிச் செய்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஓராண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால் நீக்கப்பட்டவர்களுக்கு முன்னுரிமை உண்டு. 340 பேரும் கம்பெனிப் பதிவேட்டில் இருக்கிறார்களா, காண்ட்ராக்டர் ஆட்களா என்பதைப் பொறுத்து இது மாறும். தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலிடம் முதலாளியையே அழைத்துப் போங்கள். ஒரு மனநல மருத்துவன் இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் குற்றவுணர்ச்சியில் பெரும்பகுதி, யார் வாழ வேண்டும் யார் விழ வேண்டும் என்பதை உங்கள் மனசாட்சியே தீர்மானிக்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து வருகிறது. அப்படி ஒரு தராசை எந்த மனிதன் கையிலும் கொடுக்கக் கூடாது. அதனால்தான் வரிசை என்று ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையின்படி பார்த்தால், உங்களுக்குச் சாப்பாட்டில் பாதி கொடுத்த செக்கிங் அக்காவின் பெயர் பட்டியலின் மேலே வராது, கடைசியில் வரும்.

மாத்திரை. முதலில் செய்ய வேண்டியது வேறு. நெஞ்சுப் படபடப்பை ‘டென்ஷன்’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். 43 வயது ஆண், தூக்கமில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, ஒரு ஈ.சி.ஜி. இவற்றை இந்த வாரமே பாருங்கள். நெஞ்சில் அழுத்தும் வலியோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுவதோ இருந்தால் வாரத்துக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். எல்லாம் சரியாக இருந்து, விழிப்பும் எரிச்சலும் தொடர்ந்தால், சில மாதங்களுக்கு மருந்து உதவக்கூடும். அதை மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும். மெடிக்கல் ஷாப்பில் நண்பர் வாங்கித் தரும் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். இரண்டு மாதத்தில் அது இல்லாமல் கண் மூட முடியாது என்ற நிலைக்கு வந்துவிடுவீர்கள். இரவில் ஒரு குவார்ட்டர் போட்டால் தூக்கம் வருகிறது என்பவர்களையும் நான் அறிவேன். மூன்று மணி விழிப்பை உண்டாக்குவதில் அதற்கு நிகர் இல்லை. நீங்கள் குடிப்பதாக எழுதவில்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

வேலையில் ஒரு சின்ன மாற்றம் மட்டும் கேட்கிறேன். நின்றுபோன பையர்களின் மெயிலை இரவு பதினொன்று மணிக்கும் மூன்று மணிக்கும் பார்ப்பதை நிறுத்துங்கள். அமெரிக்காவில் அப்போது பகல். அதனால்தான் கை போகிறது. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை போதும். வந்த பதில் எங்கும் ஓடிப்போகாது.

இனி வீடு. இதை நான் கடைசியில் எழுதுகிறேனே தவிர, நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். சம்பளம் குறைந்ததை மனைவியிடம் மறைத்து, சீட்டைத் தள்ளி எடுத்திருக்கிறீர்கள். முதலாளி தொழிலாளர்களிடம் செய்வதைத்தான் நீங்கள் வீட்டில் செய்கிறீர்கள். மனைவிக்கும் தெரியாது என்று நினைக்கிறீர்கள். வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டு அரை மணி நேரம் கழித்துக் கணவன் உள்ளே வந்தால், ஒரு பெண் என்னென்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். உண்மையைவிட மோசமானவற்றை அவர் இந்நேரம் நினைத்து முடித்திருப்பார். எவ்வளவு குறைந்தது, எவ்வளவு கடன், சீட்டில் எவ்வளவு போயிற்று என்பதை ஒரு தாளில் எழுதி, அதையே கையில் கொடுங்கள். பேச வரவில்லை என்றால் தாள் பேசட்டும். வீட்டுக் கடன் தவணை தவறும்போல் இருந்தால், தவறுவதற்கு முன்பே இருவரும் வங்கிக்குப் போய் மேலாளரைப் பாருங்கள். தவறிய பின் போகிறவரைவிட முன்கூட்டியே வருகிறவருக்குக் காலத்தை நீட்டித் தருவது அவர்களுக்கும் எளிது. மகளிடம் கணக்கெல்லாம் சொல்ல வேண்டாம். “அப்பாவுக்கு ஆபீசில் கொஞ்சம் கஷ்டம். உன்மேல் கோபமில்லை” என்றால் போதும். தன்மேல்தான் கோபம் என்று அந்தக் குழந்தை மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருக்கும்.

இன்று இரவு வண்டியை நிறுத்தியதும் இறங்கி உள்ளே போய்விடுங்கள். ஈ.சி.ஜி. எடுத்ததும், முதலாளியிடமிருந்து தேதி கிடைத்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். தேதி கிடைக்கவில்லை என்றாலும் எழுதுங்கள்.